ஃபயர் இன் த லேக்: குண்டு போட ஆகும் செலவு

வியட்நாம் போரை நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் வார்கேம் ‘ஃபயர் இன் த லேக்’. ஜி.எம்.டி. கேம்ஸ் 2014-இல் வெளியிட்டது. மார்க் ஹெர்மன், வோல்கோ ருன்கே இருவரும் சேர்ந்து வடிவமைத்தது. கிளர்ச்சிப் போர்களைப் பற்றி அந்த நிறுவனம் வெளியிடும் ‘காயின்’ வரிசையில் நான்காவது. ருன்கே சி.ஐ.ஏ.வில் ஆய்வாளராக வேலை பார்த்தவர். விதிப்புத்தகத்தைப் படிக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விளையாட்டை நல்லது, சுமார் என்று மதிப்பிட்டவர்கள் நிறைய. இங்கே பார்க்கப்போவது வேறு. குண்டுவீச்சு, ஊரை மிரட்டிப் பணியவைத்தல், ஆளைத் தேடிப் பிடித்துக் கொல்லுதல் எல்லாம் இதில் ஆட்டக்காரர் தன் கையால் செய்யவேண்டிய காரியங்கள். அவற்றை இந்த விளையாட்டு எப்படி நடத்துகிறது, அதற்கு யாரிடம் காசு வாங்குகிறது, எங்கே காசே வாங்காமல் விட்டுவிடுகிறது என்பதுதான் கேள்வி.

முதலில் அமைப்பு. அமெரிக்கா, சைகோனைத் தலைநகராகக் கொண்ட தென் வியட்நாம் அரசு, கம்யூனிஸ்ட் வட வியட்நாம், தெற்கில் அந்த அரசை எதிர்த்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களான வியட்காங் என்று நான்கு தரப்பு. அட்டைகள் மொத்தம் 130: சம்பவ அட்டைகள் 120, தரப்புக்கு ஒன்றாகப் பெரிய திருப்பு அட்டைகள் 4, ‘கூ’ (coup, ஆட்சிக் கவிழ்ப்பு) அட்டைகள் 6. ஒரு அட்டை திறந்தால் இரண்டு தரப்புக்கு மட்டும்தான் அதில் செயல்பட வாய்ப்பு. அடுத்து வரும் அட்டையும் கண்ணுக்குத் தெரியும். ‘கூ’ அட்டை வந்ததும் வெற்றி பார்ப்பது, வரவு எண்ணுவது, மக்கள் ஆதரவை மாற்றுவது, படைகளைத் திரும்ப அடுக்குவது என்று ஒரு கணக்குத் தீர்க்கும் சுற்று நடக்கும்.

ஒவ்வொரு மாகாணத்துக்கும் நகரத்துக்கும் ஒரு மக்கள்தொகை எண் அச்சிடப்பட்டிருக்கும். சைகோன் அரசின்மீது அந்த மக்களுக்கு இருக்கும் மனநிலைக்கு ஐந்து படிகள்: தீவிர ஆதரவு, மிதமான ஆதரவு, நடுநிலை, மிதமான எதிர்ப்பு, தீவிர எதிர்ப்பு. தீவிரப் படியில் இருந்தால் மக்கள்தொகை இரட்டிப்பாகக் கணக்கில் ஏறும். அமெரிக்கா வெல்ல, மொத்த ஆதரவும் களத்துக்கு அனுப்பாமல் கையில் வைத்திருக்கும் துருப்புகள், தளங்களின் எண்ணிக்கையும் சேர்ந்து 50-ஐத் தாண்டவேண்டும். வியட்காங்குக்கு மொத்த எதிர்ப்பும் தன் தளங்களும் சேர்ந்து 35-ஐத் தாண்டவேண்டும். வட வியட்நாமுக்குத் தன் கட்டுப்பாட்டிலுள்ள மக்கள்தொகையும் தளங்களும் 18-க்கு மேல். தென் வியட்நாம் அரசுக்கு அரசுத் தரப்பின் கட்டுப்பாட்டிலுள்ள மக்கள்தொகையும் ‘பேட்ரனேஜ்’ என்ற அளவும் சேர்ந்து 50-க்கு மேல். பேட்ரனேஜ் என்பது வெள்ளைக்காரன் கொடுத்த உதவிப் பணத்தை நம்மாட்களுக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது. ஊழலே வெற்றிப்புள்ளி. ஒரே பக்கம் நிற்கவேண்டிய அமெரிக்காவும் சைகோனும் ஒருவர் காலை ஒருவர் வாருவதற்கு இந்த ஒரு எண் போதும்.

இனி ஏர் ஸ்ட்ரைக், அதாவது அமெரிக்க ஆட்டக்காரரின் விமானக் குண்டுவீச்சு. கிளர்ச்சிக்காரர்களின் கெரில்லாக் காய் குறியைக் கீழே கவிழ்த்து வைத்தால் தலைமறைவு, மேலே தெரியும்படி வைத்தால் வெளிப்பட்டவர். தலைமறைவில் இருப்பவரைக் குண்டு தொடாது. அதனால் முதலில் படையை அனுப்பித் தேடும் ‘ஸ்வீப்’ செய்து காய்களைத் திருப்பவேண்டும், பிறகு ஏர் ஸ்ட்ரைக். ஒரு முறைக்கு ஆறு இடங்கள் வரை, எல்லா இடத்திலும் சேர்த்து ஆறு காய்கள் வரை எடுக்கலாம். ‘கூ’ அட்டை அடுத்ததாகத் தெரிந்துவிட்டால் அது மழைக்காலம்; அப்போது இரண்டு இடம்தான், ஸ்வீப்பும் கிடையாது. புதிதாக ஆடுபவர்கள் எல்லாரும் மறப்பது இந்த மழைக்காலத்தைத்தான். திட்டம் போட்டு வைத்திருந்த தாக்குதல் பாதியில் நின்றுபோகும்.

குண்டு விழுந்த ஒவ்வொரு மக்கள் இடமும் ஒரு படி எதிர்ப்பை நோக்கி நகரும். இதுதான் விளையாட்டு வாங்கும் விலை. மக்கள்தொகை 2 உள்ள ஆறு மாகாணங்கள் மிதமான ஆதரவில் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கெரில்லா வெளிப்பட்டு நிற்கிறார் என்று வையுங்கள். ஆறு பேரையும் ஒரே வீச்சில் எடுத்துவிடலாம். ஆனால் ஆறும் நடுநிலைக்குச் சரிந்து, அமெரிக்காவின் ஆதரவுக் கணக்கில் 12 புள்ளி போய்விடும். ஆறு மரக்காய்க்கு 12 புள்ளி! போன காய்களையோ வியட்காங் ‘ராலி’ செய்து திரும்ப இறக்கிவிடும். முதல் தடவை ஆடும் அமெரிக்க ஆட்டக்காரர் இப்படித்தான் தோற்பார். படை ஜெயிக்கும், புள்ளி கரையும். குண்டு போட்டு மனதை வெல்ல முடியாது என்பதை ஒரு வரி போதனைகூட இல்லாமல் கணக்கிலேயே சொல்லிவிடுகிறது. இந்த விளையாட்டின் மிக நேர்மையான இடம் இது.

இரண்டாவது ஆட்டத்தில் அதே ஆட்டக்காரருக்கு மூன்று சந்துகள் கண்ணில் படும். ஒன்று, ஒரு இடத்தில் ஒருவரைக் கொன்றாலும் ஆறு பேரைக் கொன்றாலும் சரிவு ஒரு படிதான். அதனால் பரவலாகப் போடுவதைவிட ஒரே ஊரைத் துவம்சம் செய்வது சிக்கனம். இரண்டு, ஏற்கெனவே தீவிர எதிர்ப்பில் இருக்கும் மாகாணம் அதற்குமேல் சரிய வழியில்லை. அங்கே எத்தனை முறை போட்டாலும் இலவசம். நிஜப் போரில் அமெரிக்க ராணுவம் ‘ஃப்ரீ ஃபயர் ஸோன்’ என்று அறிவித்த பகுதிகளின் தர்க்கமும் இதேதான்: அங்கே இருப்பவர் எல்லாரும் எதிரியின் ஆள், யோசிக்காமல் சுடு. விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி இல்லை. புள்ளிக் கணக்கே ஆட்டக்காரரை அங்கே கொண்டுபோய் விடுகிறது. இது குறையா, வடிவமைப்பின் கூர்மையா? கூர்மை என்றே படுகிறது, ஆட்டக்காரர் தான் என்ன செய்கிறோம் என்று கவனித்தால். கவனிக்காவிட்டால் வெறும் லாபகரமான நகர்வு.

மூன்றாவது சந்து லாவோஸும் கம்போடியாவும். வரைபடத்தில் அந்த நாடுகளின் பகுதிகளுக்கு மக்கள்தொகை பூஜ்யம். வட வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதை ஓடும் காடு, எதிரி ஒளியும் இடம், அவ்வளவுதான். மனநிலை என்ற பேச்சே கிடையாது. குண்டு போட்டால் பாதையின் தரம் ஒரு படி இறங்கும், காய் போகும், செலவு இல்லை. நிஜத்தில் 1964 முதல் 1973 வரை லாவோஸில் மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டப்பட்டது. வெடிக்காமல் புதைந்துபோன கொத்துக்குண்டுகளால் இன்றும் அங்கே வயலில் வேலை செய்பவர்கள் சாகிறார்கள். வாஷிங்டன் அந்த நாட்டை எப்படிப் பார்த்ததோ அப்படியே விளையாட்டும் பார்க்கிறது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். ஆனால் அமெரிக்கருக்கு மட்டுமல்ல, நான்கு ஆட்டக்காரருக்கும் அங்கே பூஜ்யம்தான் தெரிகிறது. விளையாட்டின் மீதான முதல் பெரிய புகார் இது. விதியைச் சொல்லிக்கொடுப்பவர் அந்த இடத்தில் அரை நிமிடம் நின்று இதைச் சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

கிளர்ச்சித் தரப்புகள் ஊரை மிரட்டும் ‘டெரர்’ வேறு மாதிரி. ஒரு மாகாணத்துக்கோ நகரத்துக்கோ ஒரு ரிசோர்ஸ்தான், அதாவது கையிருப்பில் ஒரு புள்ளிதான், செலவு. தலைமறைவில் இருக்கும் கெரில்லா ஒருவர் வெளிப்படுகிறார், டெரர் வில்லை ஒன்று வைக்கப்படுகிறது. வியட்காங் செய்தால் அந்த இடம் எதிர்ப்பை நோக்கி நகரும். வட வியட்நாம் செய்தால் இருக்கும் ஆதரவு குறையும். ஊர்த்தலைவர் கொலை, ஆசிரியர் கடத்தல், சந்தையில் குண்டு எல்லாம் இந்த ஒரே செயலுக்குள் அடக்கம். அரசு அந்த இடத்தைத் தன் பக்கம் திருப்ப வேண்டுமென்றால் முதலில் வில்லையை எடுக்க 3 ரிசோர்ஸ், பிறகு ஒவ்வொரு படிக்கும் 3. வியட்காங்குக்கும் வில்லையை எடுத்தபின்தான் மனம் மாற்ற முடியும், ஆனால் அவர்களுக்கு எல்லாம் தலா 1. ஒன்றைச் செலவழித்து எதிராளிக்கு மூன்று செலவு வைப்பது. கெரில்லாப் போர் ஏன் மலிவு, அரசுக்கு ஏன் மாளாது என்பது இந்த 1-க்கும் 3-க்கும் நடுவில் இருக்கிறது.

அந்த வில்லையில் எந்தக் கொடியும் இல்லை என்பது எங்களுக்குப் பிடித்த விஷயம். ‘ஃபீனிக்ஸ் புரோகிராம்’ அட்டையைப் பாருங்கள். அட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வாசகம் உண்டு; நிழலிடாதது பொதுவாக அரசுத் தரப்புக்குச் சாதகம், நிழலிட்டது கிளர்ச்சித் தரப்புக்கு. இந்த அட்டையின் மேல் வாசகம் வியட்காங் காய்களை எடுக்கச் சொல்கிறது. கீழ் வாசகம் அரசு கட்டுப்பாட்டிலுள்ள இடங்களில் டெரர் வில்லை வைத்து, அவற்றைத் தீவிர எதிர்ப்புக்குத் தள்ளுகிறது. ஒரே திட்டம், இரண்டு பக்கம். வியட்காங்கின் அமைப்பாளர்களைத் தேடிப் பிடிக்க சி.ஐ.ஏ.வும் சைகோனும் நடத்திய அந்தத் திட்டத்தில் 20,587 பேர் கொல்லப்பட்டதாக, அதன் பொறுப்பில் இருந்த வில்லியம் கோல்பியே 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். சித்திரவதைப் புகார்களும் அதே விசாரணைகளில் வந்தன. அரசு செய்தாலும் கிராமத்து ஆளுக்கு அது டெரர்தான் என்று அந்த வில்லை சொல்லிவிடுகிறது.

‘மை லாய்’ பெயரிலும் அட்டை உண்டு. 1968 மார்ச் 16 அன்று குவாங் ஙாய் மாகாணத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஒரு காலைப்பொழுதில் கொன்றவர்கள் 504 பேர் என்று வியட்நாம் நினைவகம் கணக்கு வைத்திருக்கிறது. அட்டை அமெரிக்காவுக்கு அரசியல் அடியாக வருகிறது. காட்டையும் பயிரையும் அழிக்கத் தூவிய ரசாயனமான ‘ஏஜென்ட் ஆரஞ்ச்’ பெயரில் அட்டை உண்டு, ‘பாடி கவுன்ட்’ அட்டையும் உண்டு. பிந்தையது கெரில்லாக்களை எடுக்க எடுக்க உதவிப் பணத்தை ஏற்றிவிடுகிறது. பிண எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்த போர்முறை அப்படியே வந்திருக்கிறது. ஆனால் மை லாய் ஒரு அட்டை என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. சீட்டுக் கலைப்பில் அது வராமலே போகலாம். வந்தால் கெட்ட நேரம். ஒரு படைப்பிரிவு இறங்கிச் செய்த காரியம், அதிர்ஷ்டக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அமெரிக்க ஆட்டக்காரர் அதைத் தான் செய்ததாக உணரவே மாட்டார், தனக்கு நேர்ந்ததாகத்தான் உணர்வார். ஏர் ஸ்ட்ரைக்கில் இருக்கும் ‘நீ செய்தாய், நீ கட்டு’ என்ற கறார் இங்கே இல்லை.

பெரிய குறை ‘கூ’ சுற்றின் கடைசிப் படியில் இருக்கிறது. ‘ரீசெட்’ என்று பெயர். வரைபடத்திலுள்ள எல்லா டெரர் வில்லைகளையும் எடுத்துவிடு, கெரில்லாக்களைத் திரும்பக் கவிழ்த்து வை, ஆட்டத்தைத் தொடர். ஒரு கை வழித்தெடுத்துத் தட்டில் போட்டுவிடும். நேற்று எரிந்த மாகாணமும் எரியாத மாகாணமும் பார்வைக்கு ஒன்றாகிவிடும். மனநிலைப் படி மட்டும் மிஞ்சும், அதையும் காசு கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

இதோடு இன்னொன்றைச் சேர்த்துப் பாருங்கள். செத்த அமெரிக்கத் துருப்புக் கட்டைகளுக்கு வரைபடத்தில் ‘கேஷுவல்டீஸ்’ என்று தனிக் கட்டம் உண்டு. ‘கூ’ சுற்றில் அதை எண்ணி, மூன்றுக்கு ஒன்றை ஆட்டத்தை விட்டே வெளியே வைக்கவேண்டும். சம்பவ அட்டை ஏதாவது அழைத்தால் ஒழிய அந்தக் கட்டை திரும்பாது. வியட்நாம்காரர்களின் காய், எந்தத் தரப்பாக இருந்தாலும், குவியலுக்குப் போய் மறுபடி வரும். காயே இல்லாத கிராமத்து ஆளுக்குக் கட்டமும் இல்லை. எவருடைய சாவு எண்ணத்தக்கது என்பதில் விளையாட்டு அன்றைய அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியின் பக்கமே நிற்கிறது.

இதைச் சரிசெய்ய வீட்டு விதி போடலாம். ரீசெட்டில் டெரர் வில்லைகளை எடுக்காமல் விட்டுவிடலாம் என்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை. வேண்டாம். வில்லை நின்றால் அரசுக்கு ஒவ்வொன்றையும் எடுக்க 3 செலவு, வியட்காங்குக்கு 1. இரண்டு ‘கூ’ சுற்று தாண்டினால் சைகோன் கஜானா வில்லை எடுத்தே காலி, ஆட்டம் வியட்காங் பக்கம் சாய்ந்துவிடும். சமநிலை அந்தச் சுத்திகரிப்பை நம்பித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதற்குப் பதில் கறுப்புப் பாசிமணி ஒரு நூறு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர் ஸ்ட்ரைக் விழுந்த இடத்தில் ஒன்று, டெரர் வைத்த இடத்தில் ஒன்று, லாவோஸ், கம்போடியாவிலும் ஒன்று. யார் போட்டாலும் ஒரே நிறம். புள்ளி கிடையாது, விளைவு கிடையாது, எடுக்கவும் கூடாது. சின்ன மணியாக இருக்கட்டும். பெரிதாக இருந்தால் கட்டைகளோடு கலந்து எண்ணிக்கை குழம்பும். புள்ளி எதுவும் வைக்காதீர்கள். வைத்தால் ஆட்டக்காரர்கள் அதையும் பேரம் பேசி ஆட ஆரம்பித்துவிடுவார்கள், மணியும் இன்னொரு ரிசோர்ஸ் ஆகிவிடும்.

கொடுமையை விளையாட்டில் சேர்ப்பதே தப்பு என்று ஒரு வாதம் உண்டு. இதுபோன்ற போர்களைப் பொறுத்தவரை அது நிற்காது. டெரரும் குண்டுவீச்சும் இல்லாத வியட்நாம் விளையாட்டு பொய்யாகத்தான் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் சோவியத்தும் மோதிய கிழக்கு முனையைப் பற்றிய பழைய அறுகோண வார்கேம்களில் பார்ட்டிசான் (ஜெர்மானியரை எதிர்த்த சோவியத் கெரில்லா) என்றால் ரயில் பாதையை அறுக்கும் ஒரு தொல்லை. அவர்களை ஒடுக்க ஜெர்மானியர் எரித்த பெலாரஸ் கிராமங்கள் விதியில் வராது. ஜெர்மன் படையைக் கூச்சமில்லாமல் ஆட வசதியாக அழுக்கைத் துடைத்து வைத்திருப்பார்கள். அதைவிட 1985-இல் வந்த, அதே உலகப் போரைப் பற்றிய ‘அட்வான்ஸ்ட் ஸ்குவாட் லீடர்’ நேர்மையானது. அதில் சரணடைபவரை ஏற்க மறுக்கும் ‘நோ குவார்ட்டர்’ விதி உண்டு. ஒருமுறை மறுத்துவிட்டால் அதன்பின் எதிராளியின் ஆட்கள் சரணடைய மாட்டார்கள், செத்தாலும் ஓடுவார்கள். விலை உடனே, களத்திலேயே. ஆனால் அங்கேயும் கொடுமை கெட்டது என்பதால் அல்ல, கட்டுப்படியாகாது என்பதால்தான் தவிர்க்கப்படுகிறது. ஃபயர் இன் த லேக்குக்கும் இதே வரம்பு உண்டு. கட்டுப்படியாகும் கொடுமையைத் தடுக்க எந்தப் புள்ளிக் கணக்காலும் முடியாது; தீவிர எதிர்ப்பு மாகாணத்தில் இலவசக் குண்டு அதற்குச் சாட்சி.

இதே வரிசையில் பிரையன் டிரெய்ன் வடிவமைத்து 2017-இல் வந்த ‘கலோனியல் ட்விலைட்’ அல்ஜீரியப் போரைப் பற்றியது, இருவர் ஆடுவது. அதில் பிரெஞ்சுத் தரப்பின் சிறப்புச் செயல் ஒன்றுக்குப் பெயர் ‘நியூட்ரலைஸ்’. ‘டார்ச்சர்’ என்றே ஒரு அட்டை இருக்கிறது. 1957-இல் அல்ஜியர்ஸில் ஜெனரல் மாசுவின் பாராசூட் படை செய்ததைச் சுற்றிவளைக்காமல் சொல்லும் தலைப்பு. எதிரே பிரான்ஸை எதிர்த்த அல்ஜீரிய விடுதலை முன்னணியான எஃப்.எல்.என். ஆட்டக்காரரின் கையில் டெரர். நான்கு பேர் கிடைக்காதவர்களுக்கும், இந்த விஷயத்தை இன்னும் நெருக்கமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கும் அதுதான் எங்கள் சிபாரிசு. எதிராளி ஒருவரே என்பதால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லை.

யாரோடு ஆடுவது என்பதையும் சொல்லவேண்டும். வரைபடத்தை விரிக்குமுன் இதில் டெரர், குண்டுவீச்சு, கொலைத்திட்டம் எல்லாம் நாமே செய்யவேண்டி வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அன்று காலையில் சொல்வது போதாது, அழைக்கும்போதே. ஈழத்திலிருந்து வந்த குடும்பத்து நண்பர்கள் மேசையில் இருந்தால் இது இன்னும் முக்கியம். ஊர் பெயர்ந்து முகாமில் இருந்தவருக்கு மரக்கட்டைக் கணக்கு விளையாட்டாகத் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் வேறு பெட்டியை எடுங்கள். எந்தத் தரப்பை யார் எடுப்பது என்பதைக் குலுக்கிப் போடாமல் கேட்டுக் கொடுப்பதும் நல்லது.

விளையாட்டோடு வரும் ‘பிளேபுக்’ ஒவ்வொரு அட்டைக்கும் பின்னணிக் குறிப்பு தருகிறது. சம்பவ அட்டையை ஆடுபவர் அந்தக் குறிப்பை உரக்கப் படித்துவிட்டுத்தான் காயைத் தொடவேண்டும் என்று வைத்துக்கொண்டால், நேரம் கொஞ்சம் நீளும். அந்த நேரம் தகும். குறிப்புகள் சுருக்கம், ஹுவே நகரில் 1968-இல் கம்யூனிஸ்ட் படைகள் செய்த படுகொலை போன்றவற்றுக்கு வெளியே படித்துக்கொள்வதுதான் வழி. 1968 புத்தாண்டில் கம்யூனிஸ்ட் படைகள் தென் வியட்நாம் நகரங்கள்மீது நடத்திய டெட் தாக்குதலை வியட்காங் ஆட்டக்காரர் தன் திருப்பு அட்டையாக இறக்கும்போது மேசையில் ஒரு கைத்தட்டல் கிளம்பும். அந்தத் தாக்குதலில் பிடிபட்ட ஹுவேயில் பின்னால் தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் ஏறத்தாழ 2,800.

வாங்குபவருக்குச் சில விவரங்கள். வரைபடம் 22-க்கு 34 அங்குலம். சாதாரண நான்கு பேர் சாப்பாட்டு மேசையில் வரைபடம் வைத்தால் கையூன்ற இடம் இருக்காது, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் காய்த்தட்டுகளை அதில் வையுங்கள். முழு ஆட்டம் 1964 முதல் 1972 வரை, ஆறு ‘கூ’ சுற்று. நான்கு பேரும் விதி தெரிந்தவர்களாக இருந்தாலும் ஒரு முழு நாள் போகும். முதல் தடவைக்கு 1965-67 ஆண்டுகளை மட்டும் ஆடும் குறுங்காட்சி போதும், மாலையோடு முடியும். ஆனால் குறுங்காட்சியில் ஏர் ஸ்ட்ரைக்கின் அரசியல் விலை முழுசாக உறைக்கும் முன்னால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. குண்டு பலன் தருகிறது என்ற தப்பெண்ணத்தோடு எழுந்துபோக வாய்ப்பு உண்டு. விதி பழகியதும் முழு ஆட்டத்துக்கு மாறிவிடுங்கள்.

ஆள் குறைந்தால் தானியங்கி எதிராளிகள் உண்டு. பெட்டியிலுள்ள பழைய பாய்வுப்பட முறை கண்ணைக் கட்டும். பின்னால் தனியாக வந்த ‘ட்ரூங்’ அட்டைத் தொகுப்பு எவ்வளவோ மேல். தானியங்கி தயக்கமில்லாமல் டெரர் செய்யும், குண்டு போடும். அதன் பேரில் மணி வைப்பதை மட்டும் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளுங்கள். தனியாக ஆடும்போது முதலில் விட்டுப்போவது அதுதான்.